இணைப்பைத் தொட்டுப் பார் – வாசகர் கேள்வி பதில்

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வீட்டு ஒயரிங், தண்ணீர் பம்ப், சலவை இயந்திரம் பற்றிய கேள்விகள்தான் வரும். போன மாதம் ஒரு பையன் ஸ்லாட் கார் என்றால் என்ன என்று கேட்டிருந்தான். பாதையில் மெல்லிய காடி வெட்டியிருக்கும், காரின் மூக்குக்கு அடியில் உள்ள நாக்கு அந்தக் காடிக்குள் இறங்கி நிற்கும், காடியின் இரு ஓரமும் ஓடும் உலோகக் கம்பியிலிருந்து மோட்டார் மின்சாரம் எடுத்துக்கொள்ளும், கையில் உள்ள விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம் என்று நாலு வரியில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசை நிறைய கிடக்கின்றன. அதனால் இந்த மாதம் பக்கம் முழுக்க இதுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் சுங்கை சிப்புட்காரன். செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வீட்டுப் பின்கூடத்தில் ஸ்லாட் கார் பாதை ஒன்று பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அந்தப் பாதையைப் பிரித்துப் பிரித்துக் கட்டியதில் கற்றது.

கேள்வி: தாமான் (குடியிருப்பு) வீட்டில் பின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. எட்டு வயது மகனுக்குப் பிறந்தநாளுக்கு ஒரு ஸ்லாட் கார் செட் வாங்கினேன். தினமும் தரையில் பூட்டுகிறான், கழற்றுகிறான். மேசை போட்டு நிலையாக அமைத்துத் தர ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – ஒரு தகப்பன், பீடோர்

பதில்: மகனின் கை நீளத்திலிருந்து தொடங்குங்கள், தம்பி. கார் வளைவில் தெறிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் யாராவது எட்டி எடுத்து மறுபடி காடியில் வைக்க வேண்டும். பெரியவர் கை சிரமமில்லாமல் எட்டுவது 70, 75 சென்டிமீட்டர். எட்டு வயதுப் பையனுக்கு அதிலும் குறைவு. பலகைக் கடையில் கிடைக்கும் பலகை நாலுக்கு எட்டு அடி. அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் சுவரோரம் 122 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். அங்கே விழுந்த காரை எடுக்கப் பையன் மேசைமேல் முட்டி போட்டு ஏறுவான், பாதை நசுங்கும். நிறைய வீடுகளில் பாதை மூட்டை கட்டிப் பரண் ஏறியதற்கு இந்த ஒன்றுதான் காரணம்.

உங்கள் அறைக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. பலகையை அறை நடுவில் போட்டால் நீளவாட்டில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி மிஞ்சும், அகலவாட்டில் மூன்று மூன்று அடி மிஞ்சும். சுற்றி நடக்கலாம், எல்லா வளைவும் கைக்கு எட்டும். கதவு உள்பக்கம் திறக்குமானால் அதன் வீச்சை முதலில் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்துகொள்ளுங்கள். அறை வேறு வேலைக்கும் வேண்டும் என்றால் கால்களுக்குப் பூட்டுச் சக்கரம் வைத்து ஓரமாகத் தள்ளிவிடலாம்.

பலகை வாங்குவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். தரையில் நாலுக்கு எட்டு அடி கட்டத்தை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, அதற்குள் மட்டும் பாதை போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு அமைப்பு. ஒவ்வொன்றையும் கைப்பேசியில் மேலிருந்து படம் எடுத்து வையுங்கள். எந்த வளைவில் கார் பறக்கிறது, எங்கே ஓட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது என்று பையனே சொல்லுவான். செட் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கம்பெனியுடையது என்றால் ஒரு முழு நேர்த்துண்டு 350 மில்லிமீட்டர். கரேரா கம்பெனி என்றால் 345. இரண்டும் ஒன்றோடொன்று பூட்டாது, பழைய சாமான் வாங்கும்போது கவனம். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் எட்டுத் துண்டு சேர்ந்தால் முழு வட்டமாகும் வளைவு இருக்கிறதே, அது குறுக்கே கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் இடம் கேட்கும். நாலடிப் பலகையில் அது தாராளமாக உட்காரும், வெளி ஓரத்திலும் இடம் மிஞ்சும். அந்த ஓரத்தை விட்டுக் கொடுக்காதீர்கள். வளைவின் வெளிப்பக்கம் பத்து சென்டிமீட்டராவது வேண்டும், காரின் பின்புறம் அலைவது அங்கேதான். விளிம்பில் ஒரு வேலியும் வேண்டும். 70 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மார்பிள் தரையில் ஒரு முறை விழுந்தால் போதும், அச்சு வளைந்துவிடும்.

மேசை உயரம் பையனின் இடுப்புக்கு. ஜன்னலுக்கு நேரே போட வேண்டாம். சாயங்கால வெயில் பிளாஸ்டிக்கை முறுக்கும், மழைச் சாரல் கம்பியைத் தின்னும். புல், மரம், கடை கண்ணி என்று ஒட்டுகிற ஆசை எல்லோருக்கும் முதல் நாளே வரும். அது பிறகு. பாதையைப் பலகையில் ஆணி அடிக்காமல் வைத்து ஒரு மாதம் ஓடட்டும். எப்படியும் இரண்டு இடத்தில் மாற்றத் தோன்றும்.

கேள்வி: படிவம் நான்கு படிக்கிறேன். செப்பாங் பந்தயப் பாதையை அளவு மாறாமல் 1:32இல் வீட்டில் கட்ட முடியுமா? – மாணவன், கூலிம்

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். 1:32 என்றால் உண்மை அளவில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு; 32ஆல் வகுத்தால் 173 மீட்டர். உங்கள் பள்ளிப் பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம். 1:64க்கு இறங்கினாலும் 86 மீட்டருக்கு மேல் வருகிறது. வீட்டுக்குள் நடக்காது.

ஆனால் ஆசையை விட வேண்டாம். படம் வரைகிறவன் ஒரு ஆளை நாலே கோட்டில் காட்டுகிறான் அல்லவா, மூக்கும் புருவமும் சரியாக விழுந்தால் போதும். செப்பாங்கின் மூக்கும் புருவமும் எவை? ஹெர்மான் தில்கே வடிவமைத்த அந்தப் பாதையில் 15 வளைவுகள். 1999இலிருந்து 2017 வரை ஃபார்முலா 1 அங்கே ஓடியது. பெரிய பார்வையாளர் மாடத்தின் இரண்டு பக்கமும் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள் அக்கம்பக்கமாக ஓடும்; இரண்டையும் கொண்டை ஊசி மாதிரியான கடைசி வளைவு இணைக்கும். நேர்ப்பாதை முடிந்ததும் முதல் வளைவு வலப்பக்கம் நீளமாகச் சுற்றிப் போய், உடனே இரண்டாவது வளைவு இடப்பக்கம் திருப்பிவிடும். இவ்வளவு போதும். எட்டடிப் பலகையின் நீளத்தில் இரண்டு நேர்ப்பாதை, ஒரு முனையில் கொண்டை ஊசி, மறுமுனையில் பெரிய வளைவில் தொடங்கிச் சின்ன வளைவில் முடியும் திருப்பம், அடுத்தது எதிர்த்திசை வளைவு. மிச்சத்தை உள்பக்கம் மடக்கிக் கொண்டுவந்து சேர்த்துவிடு. பார்த்தவர்கள் செப்பாங் என்று சொல்லுவார்கள்.

இதை ஓட்டிப் பார்க்கும்போது ஒன்று விளங்கும். நேர்ப்பாதையில் யார் வேண்டுமானாலும் விசையை முழுதாக அழுத்தலாம். எங்கே விடுவது என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. அதனால் மிக நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மிக இறுக்கமான வளைவை வை. இறுக்கமான வளைவுகளை வரிசையாக அடுக்காதே. கார் தவழும், ஓட்டுகிறவனுக்குச் சலிப்பு வரும்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த பழைய செட். சுமார் பத்து மீட்டர் சுற்று. தொடங்கும் இடத்தில் கார் பறக்கிறது, எதிர்ப்பக்கம் போனதும் மூச்சு வாங்குகிறது. புது மோட்டார் போட்டும் அப்படியே. அடாப்டரை மாற்ற வேண்டுமா? – தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தெலுக் இந்தான்

பதில்: டீச்சர், அடாப்டருக்குக் காசு செலவழிக்காதீர்கள். கார் ஓர் இடத்தில் பறக்கிறது என்றாலே அடாப்டரும் மோட்டாரும் நன்றாக இருக்கின்றன. குற்றம் இரண்டுக்கும் நடுவே.

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா ரப்பர் தோட்டத்து ஒயர்மேன். ஒரு நாள் துரை பங்களாவில் விளையாட்டுச் சாமான் ஓடவில்லை என்று ஆள் வந்தது. ஸ்குரு டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். கூடத்துத் தரை முழுக்கக் கறுப்புப் பாதை, அதன்மேல் ஒரு பச்சைக் கார், ஒரு சிவப்புக் கார். அந்த மாதிரி ஒரு பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. நீங்கள் சொன்ன அதே நோய்தான். பாதி தூரம் ஓடும், பிறகு ஊரும். அப்பா காரைத் தொடவே இல்லை. பையனை ஓட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, மண்டியிட்டுப் பாதையின் ஒவ்வொரு சேர்க்கையையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்று என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது. “சாமானில குத்தம் இருக்காதுடா. இணைப்பைத் தொட்டுப் பாரு” என்றார். கழற்றி, சுரண்டி, குறட்டால் லேசாக நெருக்கிப் பூட்டினார். கார் பறந்தது. நாற்பது வருஷம் ஆலையில் பெரிய பெரிய மின்பலகைகளைத் திறந்து பார்த்தபோதெல்லாம் அந்தச் சூடு விரலில் இருந்தது. (தொட்டுப் பார்ப்பது 12 வோல்ட்டில் மட்டும். வீட்டுச் சுவர் மின்சாரத்தில் ஒருநாளும் கூடாது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் விரலை வைக்கச் சொல்ல வேண்டும்.)

உங்கள் பாதையில் இருபது, இருபத்தைந்து துண்டு இருக்கும். ஒவ்வொரு சேர்க்கையிலும் கொஞ்சம் தடை. தெலுக் இந்தான் ஆற்றங்கரை ஈரத்தில், துண்டுகளைப் பூட்டும் கம்பி நாக்குகள் மங்கிப் போயிருக்கும். எதிர்ப்பக்கம் வரைக்கும் எல்லாம் சேர்ந்து மூன்று ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். கார் ஒரு ஆம்பியர் இழுத்தால் மூன்று வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் மோட்டாருக்கு 9 வோல்ட்தான் வந்து சேரும்.

சோதிக்கும் முறையில் ஒரு கண்ணி உண்டு. மல்டிமீட்டரை வெறுமனே எதிர்ப்பக்கக் கம்பிகளில் வைத்தால் 12 வோல்ட் முழுதாகக் காட்டும். எல்லாம் சரி என்று ஏமாந்துபோவோம். மின்சாரம் ஓடாதபோது இழப்பு தெரியாது. அதனால் மோட்டார்சைக்கிள் சிக்னல் பல்ப் ஒன்று வாங்குங்கள், 12 வோல்ட் 10 வாட். அது 0.8 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும், காருக்குப் பதிலாள் மாதிரி. ஒரு மாணவர் விசையை முழுதாக அழுத்திப் பிடிக்கட்டும். பல்பை எதிர்ப்பக்கம் ஒரு தடத்தின் (ஒரு கார் ஓடும் காடியின்) இரு கம்பிகளுக்கும் குறுக்கே கொடுத்து, அங்கேயே மீட்டரை வைத்துப் படியுங்கள். அங்கிருந்து துண்டு துண்டாகத் தொடக்கத்தை நோக்கி நகர்ந்து வாருங்கள். எந்தச் சேர்க்கையைத் தாண்டியதும் எண் சட்டென்று ஏறுகிறதோ, அதுதான் ஆள். பாதை வட்டமாக இருப்பதால் மின்சாரம் இரண்டு பக்கமிருந்தும் வரும். ஒரு சேர்க்கை முழுதாக விட்டுப்போனாலும் கார் நிற்காது, நீண்ட வழியாகச் சுற்றி வரும் மின்சாரத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் இந்த நோய் எளிதில் கண்ணில் படுவதில்லை. உங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் எனக்குத் தெரியவில்லை, டீச்சர். அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.

சரி செய்வது: சேர்க்கைகளைக் கழற்றி, நாக்குகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, கிளினிக்கில் ஊசி போடும் முன் தடவும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். தளர்ந்த நாக்கை மூக்குக் குறட்டால் சற்று நெருக்குங்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அதன் இழைகள் உதிர்ந்து இரண்டு கம்பிக்கும் குறுக்கே விழும். மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், மோட்டார் முடிந்தது.

நிரந்தர மருந்து வேண்டுமானால் பாதைக்கு அடியில் தனி ஒயர். மின்சாரம் நுழையும் துண்டிலிருந்து எதிர்ப்பக்கத் துண்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு ஜோடி, கம்பியின் அடிப்பக்கத்தில் ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். வலக் கம்பிக்குச் சிவப்பு, இடக் கம்பிக்குக் கறுப்பு என்று முடிவு செய்தால் கடைசி வரை அப்படியே. ஓர் இடத்தில் மாறினாலும் ஷார்ட் ஆகிவிடும். பத்து மீட்டர் சுற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு இடம் போதும். இருபது மீட்டர் என்றால் மூன்று, நான்கு மீட்டருக்கு ஒன்று கொடுப்பேன். காரின் அடியில் உள்ள செம்புப் பின்னலையும் பாருங்கள். நுனி கலைந்து விசிறிபோல் லேசாக விரிந்து கம்பியைத் தொட வேண்டும்; சுருண்டு கறுத்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: அடாப்டருக்குப் பதில் பழைய லோரி பேட்டரியில் ஓட்டலாமா? அதுவும் 12 வோல்ட்தானே? – லோரி ஓட்டுநர், தாப்பா

பதில்: வோல்ட் ஒன்றுதான், ஆனால் ஷார்ட் ஆனால் லோரி பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மெல்லிய ஒயர் கண் இமைக்கும் நேரத்தில் பழுத்துவிடும், அதன்மேல் இருப்பது பிளாஸ்டிக்கும் பலகையும். வீட்டுக்குள் வேண்டாம், அண்ணே. சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள 12 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கி, தடத்துக்கு ஒரு 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக்கொள்ளுங்கள். இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பேராக்கில் சாயங்கால இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: இரண்டு மகள்கள். வெளித்தடத்தில் ஓட்டுகிறவள்தான் எப்போதும் தோற்கிறாள், தினமும் வீட்டில் சண்டை. பாதையில் ஓரவஞ்சனை இருக்கிறதா? – ஓர் அம்மா, ரவாங்

பதில்: இருக்கிறது அம்மா. தோற்றவள் சொல்வது உண்மை.

குறுக்கே தாண்டாத எந்தச் சுற்றாக இருந்தாலும், முட்டை வடிவமோ அவரைக்காய் வடிவமோ, வெளித்தடம் உள்தடத்தைவிட ஒரே அளவுதான் நீளம்: இரண்டு காடிக்கும் இடையே உள்ள தூரத்தை 2 பெருக்கல் 3.14ஆல் பெருக்க வேண்டும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் காடிக்குக் காடி 78 மில்லிமீட்டர். ஆக 49 சென்டிமீட்டர். சுற்று பத்து மீட்டர் என்றால் இருபது சுற்றில் 9.8 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்றையே வெளித்தடத்துப் பிள்ளை கூடுதலாக ஓடியிருக்கிறாள். அகன்ற வளைவில் கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்பதால் பாதி ஈடாகும், முழுதும் ஆகாது.

இதற்குத் தீர்வு எட்டு வடிவம். ஓர் இடத்தில் பாலம் போட்டுப் பாதையைப் பாதைக்கு மேலே தாண்ட விடுங்கள். அப்போது இடப்பக்கம் திரும்புவதும் வலப்பக்கம் திரும்புவதும் சமமாகி, ஒரு வளைவில் வெளியே இருந்த தடம் அடுத்ததில் உள்ளே வரும். இரண்டு தடமும் ஒரே நீளம். பாலத்தின் ஏற்றம் மெதுவாக இருக்கட்டும். திடீர் ஏற்றமென்றால் உச்சியில் காரின் நாக்கு காடியை விட்டு எழும்பிவிடும்; கீழே போகும் காருக்குத் தலை இடிக்காத உயரம் இருந்தால் போதும். பாலத்துக்கு இடமில்லையா? பத்துச் சுற்று முடிந்ததும் தடம் மாற்றி இன்னும் பத்துச் சுற்று, இரண்டையும் கூட்டித்தான் வெற்றி. பெரிய போட்டிகளிலும் தடம் மாற்றித்தான் ஓட்டுகிறார்கள். இன்று இரவே இந்தச் சட்டத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தோற்றுக்கொண்டே இருந்த மகளிடம் ‘நீ சரியாகத்தான் சொன்னாய்’ என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் பழைய தாமியா காரை ஸ்லாட் பாதையில் ஓட்ட முடியுமா? – வாசகர், தைப்பிங்

பதில்: முடியாது. தாமியா மினி காருக்கு இரண்டு பேட்டரி வயிற்றிலேயே இருக்கிறது. பாதையின் சுவரில் உருளைகள் உரச ஓடும், வேகத்தை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. இரண்டும் வேறு ஆட்டம். அதற்கென்று ஒரு சுவர்ப் பாதையையே வாங்குங்கள்.

கேள்வி: முப்பது வருஷம் அலமாரி, கட்டில் செய்தவன். பிளாஸ்டிக் துண்டு பிடிக்கவில்லை. பலகையிலேயே காடி வெட்டிப் பாதை செய்ய நினைக்கிறேன். அளவு சொல்லுங்கள். – ஓய்வு பெற்ற தச்சர், பகாவ்

பதில்: ஐயா, உங்கள் கடிதம் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கடையில் வாங்கிய பாதையில் வளைவு என்பது கம்பெனிக்காரன் கொடுத்த அளவு. பலகையில் வெட்டினால் நீங்கள் விரும்பிய வளைவு, சேர்க்கையே இல்லாத ஓட்டம். டீச்சருக்கு மேலே எழுதிய தொல்லைகளில் முக்கால்வாசி உங்களுக்கு வராது.

1:32 காருக்குக் காடி அகலம் 3 மில்லிமீட்டர், ஆழம் 8. அதனால் 9 மில்லிமீட்டர் பலகை ஆகாது. 12 எடுங்கள், 15 இன்னும் நல்லது. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போதும், இழை ஓட்டம் இல்லாததால் காடி வெட்டும் ரவுட்டர் இயந்திரம் எந்தப் பக்கமும் இழுக்காது. காடிக்குக் காடி 100 மில்லிமீட்டர் விடுங்கள். வளைவில் ஒரு காரின் வால் இன்னொன்றைத் தட்டாது. வளையக்கூடிய மெல்லிய சட்டம் ஒன்றைப் பென்சில் கோட்டின்மேல் வளைத்துச் சின்ன ஆணி அடித்து நிறுத்தி, ரவுட்டரை அதன் ஓரமாக ஓட்டினால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். மூன்று நடையாக வெட்டுங்கள், ஒரே நடையில் 8 மில்லிமீட்டர் இறக்கினால் 3 மில்லிமீட்டர் அலகு முறியும். இரண்டாவது தடத்துக்கு முதல் காடியையே வழியாக வைத்துக்கொள்ளலாம்: ரவுட்டரின் அடித்தட்டில் 100 மில்லிமீட்டர் தள்ளி ஒரு முள் பொருத்தி, முள்ளை முதல் காடிக்குள் விட்டால் இரண்டாவது காடி தானாக இணையாக வரும். முகமூடி இல்லாமல் எம்.டி.எஃப் வெட்ட வேண்டாம். அந்தத் தூள் நெஞ்சுக்குக் கெடுதல்.

நம் ஊர் ஈரத்தை மறக்கக் கூடாது. எம்.டி.எஃப் தண்ணீர் குடித்தால் ஊதும், காடி நெருங்கும், காரின் நாக்கு மாட்டும். மேலே மட்டும் சாயம் பூசி விட்டுவிடுகிறார்கள், அது தப்பு. அடிப்பக்கம், விளிம்பு, எல்லாவற்றுக்கும் சீலர் அடியுங்கள். என் முதல் பாதையை நான் அடிப்பக்கம் பூசாமல் விட்டு, இரண்டு மழைக்காலத்தில் நடுப்பலகை வளைந்து, முழுதும் பிரிக்க வேண்டியதாயிற்று. கரையான் எம்.டி.எஃப்பையும் விடாது, மேசைக் கால் சுவரைத் தொடாமல் இருக்கட்டும். மேற்பரப்புக்குத் தண்ணீரில் கரையும் பளபளப்பில்லாத சாயத்தை ஸ்பாஞ்சு உருளையால் பூசுங்கள். பளபளப்பில் டயர் பிடிக்காது.

மின்சாரத்துக்குக் காடியின் இரு ஓரமும் 6 மில்லிமீட்டர் செம்பு நாடா. ஒரு சுருளைக் கத்தரிக்காமல் சுற்று முழுதும் ஒரே ஓட்டமாக ஒட்டுங்கள். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சந்திக்கும்போது ஈயம் வைத்துவிடுங்கள். பசை மின்சாரம் கடத்தும் என்று உறையில் எழுதியிருந்தாலும் நான் அதை நம்புவதில்லை.

ஒரு விஷயம் உங்களை முதல் நாள் திகைக்க வைக்கும். கடைக் கார்களின் வயிற்றில் காந்தம் இருக்கும், எஃகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வளைவில் ஒட்டி ஓடும். செம்பைக் காந்தம் பிடிக்காது. உங்கள் பலகையில் கார் வழுக்கும், வால் ஆடும். பயப்பட வேண்டாம், அதுதான் அழகு. காந்தத்தைக் கழற்றிவிட்டு, வயிற்றின் நடுவில் பத்து, பதினைந்து கிராம் ஈயத் துண்டை ஒட்டுங்கள். மெல்லிய உப்புத்தாளைத் தரையில் வைத்துப் பின்டயரை அதன்மேல் மெல்லச் சுழல விட்டு வட்டத்தைச் சமப்படுத்துங்கள். ஒரு வாரத்தில் விரலே கற்றுக்கொள்ளும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பேரன் பாதை போட்டு முடித்துவிட்டான். நடுவில் காலியாக இருக்கும் இடத்தில் எங்கள் தோட்டத்தை வைக்க வேண்டும் என்கிறான். நான் இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டிய தோட்டம், இப்போது தாமான் ஆகிவிட்டது. ஒரு படம்கூட இல்லை. ரப்பர் மரம், லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எல்லாம் எப்படிச் செய்வது? – ஒரு பாட்டி, கோலக்கெட்டில்

பதில்: அம்மா, படம் இல்லாவிட்டால் என்ன, நீங்கள் இருக்கிறீர்கள். பேரனுக்குக் கணக்கு மட்டும் நான் தருகிறேன்.

எல்லாவற்றையும் 32ஆல் வகுக்க வேண்டும். ஆள் உயரம் ஐந்து சென்டிமீட்டர். ஆறடி லயத்துக் கதவு ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மரத்துக்கு வெட்டு திறப்பது சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்த பிறகுதானே. அப்படியானால் குறுக்களவு 16, நமக்கு 5 மில்லிமீட்டர். ஒரு கொய்யாக் குச்சி அவ்வளவுதான் இருக்கும். வயதான மரத்துக்கு இன்னும் தடித்த குச்சி. உயரத்தை மட்டும் கணக்குப்படி வைக்காதீர்கள். இருபது மீட்டர் மரம் 62 சென்டிமீட்டர் ஆகிவிடும், பின்னால் ஓடும் கார் தெரியாது, கையும் எட்டாது. 25 சென்டிமீட்டரில் நிறுத்திக்கொள்ளுங்கள். மரங்கள் நடுவிலேயே நிற்கட்டும், வளைவுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

வெட்டுக்கோடு போடுவதைப் பேரனிடம் விடாதீர்கள். பேனாக்கத்தியை நீங்களே கையில் எடுங்கள். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிய, மரத்தில் பாதிச் சுற்று. எத்தனை சாய்வு என்று உங்கள் கைக்குத் தெரியும். கோட்டின் அடியில் வெள்ளைச் சாயம் ஊசி நுனியால் ஒரு இழை. பால் பிடிக்கும் மங்குக்குப் பாதி மிளகு, சரியாக 4, 5 மில்லிமீட்டர். மிளகைக் கத்தியால் இரண்டாக்கி உள்பக்கம் வெள்ளை தொட்டு, பசை வைத்து ஒட்டுங்கள். நிரை பிடித்து நடுங்கள், எங்கே நின்று பார்த்தாலும் வரிசை தெரிய வேண்டும்.

தரையில் உதிர்ந்த இலைக்குக் குடித்து முடித்த தேயிலைத் தூளை வெயிலில் காய வைத்துத் தூவுங்கள். அந்தப் பழுப்பு அப்படியே இலை உதிர்காலத்துப் பால்காடு மாதிரி இருக்கும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மேலே சொட்டுச் சொட்டாக விட்டு உறைய வைக்க வேண்டும், இல்லையென்றால் தூள் பறந்து காரின் பல்சக்கரத்தில் புகும். பசை காயும் வரை காடியின்மேல் டேப் ஒட்டி மூடிவிடச் சொல்லுங்கள்.

லயம், தண்ணீர்க் குழாய், ஆயாக் கொட்டகை, கோயில், பால் ஸ்டோர் எல்லாம் எங்கெங்கே இருந்தன என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒட்டுவதற்கு முன் தீப்பெட்டிகளைக் கையில் கொடுத்து வைக்கச் சொல்லி, நீங்களே நகர்த்தி நகர்த்தி வையுங்கள். பெரட்டுக் களத்தை (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தை) மட்டும் மிக இறுக்கமான வளைவின் உள்பக்கம் வையுங்கள். கார் அங்கேதான் வேகம் குறையும், பார்க்கிறவர் கண்ணும் அங்கேதான் நிற்கும். விடியற்காலையில் பெரட்டுக்கு அடிக்கத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியதா உங்கள் தோட்டத்தில்? எங்கள் தோட்டத்தில் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்துக் கிளையில் தொங்கியது. ஓர் ஆணியை ஒரு சென்டிமீட்டருக்கு வெட்டி நூலில் கட்டித் தொங்கவிடலாம். எந்தப் பக்கம் என்று பேரனுக்கு விரலால் காட்டுங்கள்.